கோட்டைக்குள் குடிநீர்க் குழாய்: ஜேசிபி பக்கத்தில் நின்று எதைப் பார்ப்பது?

கேள்வி: பத்மநாபபுரம் கோட்டைக்குள் தெருவோரம் ஒரு மீட்டர் ஆழத்தில் குடிநீர்க் குழாய் பதிக்கிறோம். பழைய கல்லோ பானை ஓடோ வந்தால் வேலையை நிறுத்த வேண்டுமா? யாரிடம் சொல்வது?
(சைட் சூப்பர்வைசர், தக்கலை)

பதில்: ஒற்றை ஓட்டுக்காக நிறுத்த வேண்டாம். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று குறித்துவிட்டுத் தொடருங்கள். சுண்ணாம்புக் காரை ஒட்டிய கல் வரிசை, நேர்கோட்டில் மண் நிறம் மாறுவது, கரிப்படலம், ஒரே இடத்தில் குவிந்த ஓடுகள், எலும்பு: இவற்றில் ஒன்று தெரிந்தால் இரு பக்கமும் இரண்டு மீட்டர் மட்டும் நிறுத்துங்கள். ஆட்கள் வேறு முனையில் தோண்டட்டும்.

தொடங்கும் முன், பழைய குழாய் போன பாதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே பள்ளத்தில் பிவிசி துண்டும் ஆற்றுமணலும் வந்தால் அந்த மண் ஏற்கெனவே கலைந்தது, வேகமாகப் போகலாம். கண் வைக்க வேண்டியது புதிதாக வெட்டும் நீளத்தில்தான். அங்கே பல் வைத்த பக்கெட் எதையும் காட்டாது, கிழித்துப்போடும். பல்லின் மேல் தட்டை இரும்புத் தகடு வெல்டிங் செய்து, ஒரு தடவைக்குப் பத்து சென்டிமீட்டர் மட்டும் சுரண்டச் சொல்லுங்கள். வண்டி பின்னோக்கி நகர்ந்தபடி தோண்டினால், சுரண்டிய தளத்தின் மேல் சக்கரம் ஏறாது. மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் ஆபரேட்டர் இதற்கு முகம் சுளிப்பார். அந்த நீளத்துக்கு மணிக்கணக்கில் வாடகை பேசிவிடுவதே நல்லது. நீங்கள் பக்கெட் சுற்றும் எல்லைக்கு வெளியே, அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள்.

இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் பலரும் ஏமாறுவது செம்புரைக்கல் சரளையைப் பார்த்துத்தான். உடைத்துப் பாருங்கள்: உள்ளே துளைகளும் மஞ்சள் சிவப்புத் திட்டுகளும் இருந்தால் இயற்கைக் கல். சுட்ட ஓட்டின் உள்பக்கம் ஓரளவு சீராக இருக்கும்.

நிறுத்திய இடத்தில் பக்கச்சுவரைக் கொத்துக் கரண்டியால் செங்குத்தாகச் சீவி, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சாலை மட்டத்திலிருந்து ஆழத்தையும், அருகிலுள்ள வீட்டு மூலையிலிருந்து தூரத்தையும் எழுதி, 1:20 அளவில் ஒரு கோட்டுப் படம் போடுங்கள். சுவர் வந்தால் பெயர்க்காதீர்கள். ஹெச்டிபிஇ எனும் பிளாஸ்டிக் குழாய் வளையும், சுற்றிக் கொண்டு போகலாம்.

எடுத்த மண்ணில் ஒரு பகுதியை மூன்று மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். திருவிதாங்கூரின் பழைய வெள்ளிக் காசான சக்கரம் மிகச் சிறியது. அதைக் கையால் எண்ண முடியாமல் குழிகள் வைத்த பலகையில் கொட்டி எண்ணினார்கள். ஜல்லிச் சல்லடையில் அது நிற்காது.

யாரிடம் சொல்வது என்பதில் இந்த ஊருக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. தெருவோ 1956 முதல் தமிழ்நாட்டில். வளாகத்துக்குள் தோண்டுவதானால் கேரளத் துறையிடம் முன்னரே பேசுங்கள். தெருவில் காசோ நகையோ கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்த நாள். பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே இது பொருந்தும். “குடிநீர் வேலைக்கு விலக்கு உண்டு” என்பார்கள். அவர்கள் சொல்வது மத்திய அரசின் நினைவுச்சின்னச் சட்டத்தில் ‘கட்டுமானம்’ என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தை. புதையல் சட்டத்துக்கு அது பொருந்தாது.

ஒன்றும் கிடைக்காத நாளிலும் “0 முதல் 40 மீட்டர் வரை பார்த்தது, எதுவுமில்லை” என்று நோட்டில் எழுதி வையுங்கள். இரவில் தோண்டி விடியும் முன் மூடிய நீளத்தை யாரும் பார்க்கவில்லை என்றால், அதை அப்படியே எழுதுங்கள்.