அப்பாவுக்கு மூவர்ணக் கொடி போர்த்தலாமா?

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 82. மன்மோகன் சிங்கின் இறுதி ஊர்வலத்தை டிவியில் பார்த்த நாளிலிருந்து, “எனக்கும் கொடி போர்த்துவாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த நேரம் வந்தால் நாங்களே ஒரு கொடி வாங்கிப் போர்த்தலாமா? 21 குண்டு மரியாதை யாருக்கு உண்டு? துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பது, பிகுல் ஊதுவது இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: அப்பா கேட்பது கொடியைப் பற்றித்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்களாகக் கடையில் வாங்கிப் போர்த்தக் கூடாது. தேசியக் கொடியை எதன் மீதும் போர்வையாகப் போர்த்துவதை 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் குற்றமாகச் சொல்கிறது. அரசு மரியாதையுடனோ, முப்படைகள் அல்லது துணை ராணுவப் படைகளின் மரியாதையுடனோ நடக்கும் இறுதிச் சடங்குக்கு மட்டும்தான் விலக்கு. மீறினால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. பாசத்தில் செய்கிறவர்களும் இதில் மாட்டிக்கொள்ளலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முறையாகப் போர்த்தப்படும்போது காவி நிறம் தலைப் பக்கம் இருக்க வேண்டும். கொடி சிதையில் எரியக் கூடாது, குழிக்குள்ளும் இறங்கக் கூடாது. கடைசி நேரத்தில் அதை எடுத்துவிடுவார்கள். 2018 ஆகஸ்ட் 17-இல் டெல்லி ராஷ்ட்ரிய ஸ்மிருதி ஸ்தலத்தில் வாஜ்பாய்க்குத் தகனம் நடந்தபோது, உடல் மீதிருந்த கொடியை எடுத்து மடித்து அவருடைய பேத்தியின் கையில் கொடுத்தார்கள். முழு நிகழ்ச்சியிலும் என் மனசு நிற்கிற இடம் அதுதான். அதுவரை எல்லாம் இறந்தவருக்குச் செய்யப்படுகிறது. அந்த ஒரு நிமிடம் குடும்பத்துக்கானது.

மடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கொடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் வெள்ளைக்கு அடியில் மடிக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே மடித்துக்கொண்டு வந்தால் நடுவில் அசோகச் சக்கரமும், காவி, பச்சை நிறங்களின் ஓரமும் மட்டும் தெரியும். அதை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி வாங்க வேண்டும். யாராவது உங்களிடம் தரும் நாள் வந்தால் ஒற்றைக் கையை நீட்டிவிடாதீர்கள்.

சரி, குண்டு மரியாதைக்கு வருவோம். பீரங்கி முழக்கம் வேறு, துப்பாக்கி வேட்டு வேறு. ஆனால் பலரும் இரண்டையும் சேர்த்து “21 குண்டுகள் முழங்க” என்றே சொல்லிவிடுகிறார்கள். 21 என்பது பீரங்கிக் கணக்கு. குடியரசு தினத்தன்று தேசிய கீதம் ஒலிக்கும் 52 விநாடிக்குள் 21 முறை வெடிக்கிறார்களே, அந்த வகை. படைத்தலைவர்களுக்கு எண்ணிக்கை 17. நீலகிரி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த ஜெனரல் பிபின் ராவத்துக்கு 2021 டிசம்பரில் டெல்லியில் 17 முறைதான் பீரங்கி முழங்கியது.

துப்பாக்கி வேட்டு சாதாரண ராணுவ வீரருக்கும் உண்டு. ஒரு சிறு அணி வெற்றுத் தோட்டாக்களை வானத்தை நோக்கி மூன்று சுற்று சுடும். அந்தக் காலத்துப் போர்க்களத்தில் இறந்தவர்களை எடுத்துப் போவதற்காகச் சண்டையைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்களாம். எடுத்து முடித்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக மூன்று வேட்டு. அதிலிருந்து வந்த வழக்கம் என்று படையில் சொல்வார்கள். அணியில் ஏழு பேர் இருந்தால் ஏழு மூன்று இருபத்தொன்று ஆகிவிடும், அதனால் வருகிற குழப்பம்தான் இது. மூன்று தடவை சேர்ந்தாற்போல் ‘பட்’டென்று கேட்டால் அது துப்பாக்கி. நெஞ்சில் அதிர்கிற மாதிரி விட்டுவிட்டுக் கேட்டால் பீரங்கி.

நான் பல வருடம் டிரில் உஸ்தாதாக, அதாவது ராணுவ அணிவகுப்புப் பயிற்சி ஆசிரியராக இருந்தவன். சிப்பாய்களுக்குச் சொல்லித் தந்ததிலேயே அவர்கள் அதிகம் தடுமாறியது ‘ஷோக் சஸ்த்ர’ என்ற கட்டளைக்குத்தான். துப்பாக்கியை மெதுவாகத் திருப்பி, குழல் முனை கீழே வரும்படி நிறுத்தி, மேலே வந்த கட்டையின் மீது இரண்டு கைகளையும் வைத்து, தலையைக் குனிய வேண்டும். மற்ற டிரில் எல்லாம் வெட்டு வெட்டென்று இருக்கும், இது மட்டும் நிதானமாக நடக்கும். ஆயுதத்துக்கு இங்கே வேலையில்லை என்பது அதன் பொருள். இருபது வயதுப் பையன்களுக்கு அந்த நிதானம் எளிதில் வராது. முதல் தடவை உண்மையான ஒரு சாவுக்குப் போய் நின்ற பிறகு, யாரும் சொல்லித் தராமலே வந்துவிடும்.

பிகுலில் முதலில் வருவது ‘லாஸ்ட் போஸ்ட்’. பாசறையில் காவல் இடங்களையெல்லாம் சுற்றிப் பார்த்து, அன்றைய நாள் முடிந்தது என்று அறிவிக்கிற பழைய பிரிட்டிஷ் ராணுவ ஊதல் அது. கொஞ்சம் மௌனம். அப்புறம் காலையில் படையை எழுப்புகிற ஊதல் வரும். இது முடியும் வரை சீருடையில் இல்லாதவர்கள் அசையாமல் நேராக நின்றால் போதும், சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. தயவுசெய்து போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள்.

அப்பா டிவியில் பார்த்திருக்கக்கூடிய இன்னொன்று ராணுவ வண்டி. தலைவர்களைப் பீரங்கி வண்டியில் கொண்டு போவது பழைய வழக்கம். 1948-இல் காந்தியடிகளை ஒரு படை வண்டியில் வைத்து, இன்ஜினை ஓட்டாமல், முப்படை வீரர்கள் சுமார் 200 பேர் வடம் பிடித்து இழுத்தார்கள். ஆனால் மரியாதை அந்த வண்டியில்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2020-இல் பிரணாப் முகர்ஜி கொரோனா காலத்தில் இறந்தபோது, நோய்க் கட்டுப்பாடுகளால் பீரங்கி வண்டியை விட்டுவிட்டு அமரர் ஊர்தியில்தான் கொண்டு போனார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்குரிய ராணுவ மரியாதை அவருக்குக் குறையவில்லை.

அரசு மரியாதை, ராணுவ மரியாதை இரண்டும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015-இல் கலாமை ராமேஸ்வரம் பேய்க்கரும்பில் அடக்கம் செய்தபோது இரண்டும் சேர்ந்திருந்தன. நாடு முழுக்க 7 நாள் துக்கம், கொடி அரைக்கம்பத்தில். அதற்கு 7 வருடம் முன்பு நம் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவுக்கு ஊட்டியில் படையின் முழு மரியாதை கிடைத்தது, ஆனால் தேசிய துக்கம் அறிவிக்கப்படவில்லை. 1971 போரை நடத்தியவருக்கு அது போதாது என்று அப்போதே நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் 2023 முதல் உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அங்கே அரசு சார்பில் அதிகாரி வந்து மலர் வளையம் வைப்பார். அதற்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்போது உங்கள் அப்பா. பணியில் இருக்கும்போது இறந்தால் படையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஓய்வு பெற்றவர் இறந்தது படைக்குத் தானாகத் தெரியாது, வீட்டார்தான் சொல்ல வேண்டும். அவருடைய பதவி, வீரப் பதக்கம், பக்கத்தில் படைப்பிரிவு இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து மலர் வளையம், பிகுல், மரியாதை அணி என்று முடிவாகும். அதனால் இப்போதே ஒருநாள் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், அப்பாவின் பதவிக்கு என்ன உண்டு, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டு, போன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அப்பாவையும் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசுகிறோமே என்று தயங்க வேண்டாம், கேட்டதே அவர்தானே. ஊரில் முன்னாள் படைவீரர் சங்கம் இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள். எந்த அணி வராவிட்டாலும், கூட வேலை பார்த்த நாலு கிழவர்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து சல்யூட் வைப்பார்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டு, அவருடைய ராணுவ எண்ணையும் ரெஜிமென்ட் பெயரையும் மேலே பெரிதாக எழுதி வையுங்கள். போன் செய்ததும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.