மச்சாளைப் பூட்டி வைக்காதீர்கள், ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்

விசுவமடுப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"என் தம்பியின் மனைவிக்கு இப்போது ஆறு மாதம். இரண்டு வருடத்துக்கு முன் எட்டாம் மாதத்தில் ஒரு பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் தம்பியோடு சேர்ந்து கசிப்பு (கள்ளச்சாராயம்) குடிக்கத் தொடங்கினா. இப்போது ஒவ்வொரு பின்னேரமும் வேண்டும். காலையில் கை நடுங்குது, ஒரு வாய் குடித்தால்தான் நிற்குது என்கிறா. கிளினிக்கில் யாருக்கும் தெரியாது. சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று பயம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, பிள்ளை பிறக்கும் மட்டும் அறைக்குள் விட்டுப் பூட்டினால் குடி மறந்துபோகும் என்கிறா அம்மா. பிள்ளைக்கு ஏற்கெனவே பழுது வந்திருக்குமா? பிறந்தபின் பால் கொடுக்கலாமா? நாங்கள் என்ன செய்வது?"

தங்கச்சி, நேர்த்தியைத் தாராளமாக வையுங்கள். பூட்டை மட்டும் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்தக் கை நடுக்கம். இடைக்கிடை குடிக்கிற ஒருவருக்குக் காலையில் தலை இடிக்கும், வயிறு புரட்டும். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் சிந்துகிற அளவுக்கு நடுங்கி, ஒரு வாய் கசிப்பு உள்ளே போனதும் அந்த நடுக்கம் நிற்கிறது என்றால், உடம்பு மதுவுக்குப் பழகி அதில் தங்கியிருக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த நிலையில் ஒருவரை அறைக்குள் பூட்டினால் ஆறு மணித்தியாலத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் வாந்தியும் கூடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குக் காய்ச்சலோடு மனம் தடுமாறி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு வலிப்பு வந்தால் அந்த நேரம் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். இரண்டு உயிருக்கும் ஆபத்து. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில், மதுவுக்கு அடிமைப்பட்ட கர்ப்பிணிகள் குடியை நிறுத்துவது ஆசுப்பத்திரியில் தங்கி, வைத்தியர்களின் கண்காணிப்பில் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அங்கே நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மருந்து கொடுப்பார்கள், தயமின் என்ற விற்றமின் ஏற்றுவார்கள், பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள். சில நாள் வேலைதான்.

ஆகவே நாளை காலையே கிளம்புங்கள். உங்களுக்கு ஏ-35 வீதியில் பஸ் இருக்கிறது, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். போகிற அன்று காலையில் நடுக்கத்துக்காக ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் வந்தா என்றாலும் ஏசாதீர்கள், வந்தாவே, அது போதும். வலிப்பு வந்தால் பஸ்ஸுக்குப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு, இடப்பக்கம் சரித்துப் படுக்கவையுங்கள். வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்குள் தெரியாமல் கலந்து கொடுக்கும் "குடி மறக்கும் மருந்து" வேண்டவே வேண்டாம். அந்த வகைக் குளிசைகள் சிலவற்றில் டைசல்பிராம் என்ற மருந்து இருக்கும். உள்ளே மது போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். கர்ப்பிணிக்கு அதைக் கொடுப்பது கொடுமை. பெயர் தெரியாத தூள்களும் அப்படியே. பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பதும் கூடாது.

இனிப் பயத்துக்கு வருகிறேன். இலங்கையில் கர்ப்பத்தில் குடித்ததற்காக ஒரு தாயைத் தண்டிக்கும் சட்டம் கிடையாது. கசிப்புக் காய்ச்சுவதும் விற்பதும் குற்றம், அது வேறு கதை. பிள்ளையைப் பறிப்பதற்கு உங்கள் குடும்பநல மாதுவுக்கு அதிகாரம் இல்லை. ஒரு பிள்ளை உண்மையிலேயே ஆபத்தில் இருந்தால் நன்னடத்தை அலுவலர்களும் நீதிமன்றமும் தலையிடுவார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆறாம் மாதத்திலேயே வந்து "எனக்கு உதவி வேணும்" என்று சொல்லி, வார்ட்டில் தங்கி, கிளினிக் தவறாமல் வரும் தாய்க்கு அந்தப் பேச்சே பெரும்பாலும் எழாது. யாருக்கும் சொல்லாமல் கடைசி நேரத்தில் பிரசவத்துக்கு மட்டும் வரும் தாய்க்குத்தான் சிக்கல் கூடுகிறது.

மச்சாளின் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடத்துக்குக் கிட்ட வன்னிக் கிளினிக்குகளில் தாதியாக இருந்தவள் நான். ஒருமுறை ஒரு கிளினிக்கில், வாங்கில் இருபது முப்பது தாய்மார் வரிசையாக இருக்க, ஒரு பெண் மெல்லச் சொன்னதைக் கேட்டு அங்கே வேலை செய்த ஒருவர் "என்ன, குடிக்கிறனியோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். அந்தப் பெண் கொப்பியை முந்தானையால் மூடிக்கொண்டு எழும்பிப் போனவ, பிறகு குத்து வந்த அன்றுதான் வந்தா. பிள்ளை ஒன்றரைக் கிலோ. இன்றைக்கும் அந்த வாங்கு என் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் நீங்கள் போனதும் முதலில் சொல்ல வேண்டியது, "மிஸ், தனியக் கதைக்கோணும்" என்பதே. தனியிடத்தில் நாலு விஷயம் சொல்லுங்கள்: எவ்வளவு காலமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா. மருந்தின் அளவை வைத்தியர் இதை வைத்துத்தான் தீர்மானிப்பார். கூச்சத்தில் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துபோகும்.

அளவு என்றதும் கசிப்பில் ஒரு தொல்லை இருக்கிறது. கடைச் சாராயத்தில் 33.5 வீதம் மதுசாரம் என்று லேபல் சொல்லும். ஒரு கால் போத்தலில் கிட்டத்தட்ட 47 கிராம் சுத்த மதுசாரம். 8.8 வீத பியர் 500 மில்லி ரின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம், ஆகவே "பியர்தானே" என்பதும் ஆறுதல் இல்லை. கசிப்புக்கு லேபலும் இல்லை, கோடா ஊறிய நாளும் வடித்த கையும் மாற மாற உறைப்பும் மாறும். நேற்றைய அரைக் கிளாசும் இன்றைய அரைக் கிளாசும் ஒன்றல்ல. கள்ளு குளிர்ச்சி, கர்ப்பிணிக்கு நல்லது என்று சொல்லும் ஆச்சிமாரையும் கண்டிருக்கிறேன். சுண்ணாம்பு போட்ட கருப்பநீர் குடிக்கட்டும். புளித்த கள்ளு மதுதான்.

பிள்ளைக்குப் பழுது வந்திருக்குமா என்று கேட்டீர்கள். தாயின் இரத்தத்தில் ஏறும் மது நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. அதை எரித்து வெளியேற்ற பிள்ளையின் ஈரலுக்கு இன்னும் பலமில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர வைத்தியர்கள், மிகுதியாகக் குடித்த தாய்மாரின் பிள்ளைகளில் ஒரே மாதிரியான அடையாளங்களைக் கண்டு அதற்குக் கருக்கால மதுசாரக் கூட்டறிகுறி (Fetal Alcohol Syndrome) என்று பெயர் வைத்தார்கள். அந்த அடையாளங்கள்: சிறிய தலை, குறுகிய கண், மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளம் இல்லாத வழவழப்பு. ஆனால் பாதிப்புள்ள பெரும்பாலான பிள்ளைகளின் முகத்தில் ஒன்றும் தெரியாது. நினைவு, கவனம், கோபத்தை அடக்குவது, கணக்கு, இவற்றில்தான் பிறகு தெரியவரும். முதல் மூன்று மாதத்தில் முகமும் உறுப்புகளும் உருவாகும். மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. போன ஆறு மாதத்தை யாராலும் திருப்ப முடியாது. ஆனால் மிஞ்சிய மூன்று மாதம் மூளை வேகமாகப் பெருக்கும் காலம், பிள்ளை நிறை போடும் காலமும் அதுதான். இன்று நிறுத்தினால் இன்றிலிருந்து பிள்ளைக்கு லாபம். இதை மச்சாளிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "பிள்ளையைக் கெடுத்துப்போட்டாய்" என்று ஒருமுறை காதில் விழுந்தால், "எப்படியும் கெட்டுப்போச்சு, இனி என்ன" என்று அடுத்த போத்தல் திறபடும்.

பிறந்தபின் குழந்தை வைத்தியரிடமும் மறைக்காதீர்கள். பிள்ளைச் சுகாதார விருத்திப் பதிவேட்டில் தலைச் சுற்றளவு குறிக்கிறார்களா என்று பாருங்கள். பத்து வயதில் "மண்டையில் ஏறாதவன்" என்று வாத்தியார் அடிக்கும் பிள்ளைக்கு உண்மையில் என்ன தேவை? ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, தினமும் ஒரே ஒழுங்கு, திரும்பத் திரும்பப் பொறுமையாகக் காட்டுவது. காரணம் தெரிந்தால் இதைச் சின்ன வயதிலேயே தொடங்கலாம்.

பால் கொடுக்கலாம். குடியை நிறுத்திய தாய் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இரத்தத்தில் இருக்கும் அளவு மது பாலிலும் இருக்கும், பீய்ச்சி ஊற்றினாலும் போகாது, நேரம்தான் அதை வெளியேற்றும். உடம்பு மணித்தியாலத்துக்கு ஏழிலிருந்து பத்துக் கிராம் வரையே எரிக்கும். கால் போத்தல் சாராயத்துக்கு ஐந்திலிருந்து ஏழு மணித்தியாலம் பிடிக்கும். கசிப்பில் இந்தக் கணக்கே போடமுடியாது என்பதைத்தான் மேலே சொன்னேன். ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டா என்றால், அந்த இரவு பிள்ளையை உங்கள் பக்கத்தில், தனிப் பாயில், மல்லாக்கப் படுக்கவையுங்கள். குடித்த தாயும் சிசுவும் ஒரே பாயில் படுப்பது மூச்சடைப்பில் முடியக்கூடும்.

கசிப்பு தவிர்ந்த பாவனை உள்ள வீடுகளுக்காகவும் சுருக்கமாக எழுதுகிறேன். ஹெரோயின் பாவிக்கும் கர்ப்பிணியும் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது, குறைமாதப் பிரசவமோ அதைவிடப் பெரிய இழப்போ வரலாம். அந்தப் பிள்ளை பிறந்து முதல் மூன்று நாளுக்குள் கீச்சென்று அழும், நடுங்கும், பால் இழுக்காது. மங்கிய வெளிச்சத்தில், தாயின் நெஞ்சோடு அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுப்பதே அதற்கு முதல் மருந்து. ஐஸ் என்ற போதைப்பொருள் (மெத்தாம்பெட்டமின்) பாவிக்கும் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறி நச்சுக்கொடி முன்கூட்டியே கழலும் ஆபத்து உண்டு. அதைப் பாவிக்கும் காலத்தில் பால் கொடுக்கக் கூடாது, நிறுத்தியபின் எப்போது தொடங்கலாம் என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் பிள்ளையின் நிறையைக் குறைக்கும். அதைச் சொன்னால் எங்கள் அம்மாமார் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். போத்தலை வீட்டுக்குக் கொண்டுவருவது யார்? அவர் பின்னேரம் திண்ணையில் இருந்து குடிக்க, பக்கத்தில் அவ குடிக்காமல் இருப்பா என்று எதிர்பார்ப்பது நியாயமா? உள்ளூர் ஆசுப்பத்திரி உளநலப் பிரிவுக்கு அவரும் வரவேண்டும். குறைந்தது வீட்டுக்குள் குடியை வைக்கக் கூடாது. அடி உதை இருக்கிறதா என்று மச்சாளைத் தனியாகக் கேளுங்கள். இருந்தால் 1938க்கு அழைக்கலாம், அது பெண்களுக்கான அரச உதவி இலக்கம். மனம் உடைந்த நேரம் கதைக்க 1926 இருக்கிறது.

கதையைக் குடியில் தொடங்காதீர்கள். "ராவில நித்திரை வருகுதோ?" என்று தொடங்குங்கள். இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளை இறந்தபோது உங்கள் வீட்டில் யாராவது அவவோடு இருந்து அழுதீர்களா? வன்னியில் நாங்கள் எத்தனையோ சாவுகளைப் பார்த்துவிட்டதால், பிறக்காமல் போன பிள்ளைக்கு அழுவதற்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு மனதுக்குள் பெயர் வைத்திருந்தாவா என்று கேளுங்கள். வைத்தியருக்கும் அந்த இழப்பை முதல் பேச்சிலேயே சொல்லுங்கள், அதற்கென்று இந்த முறை கூடுதலாகக் கவனிப்பார்கள். பிள்ளையின் துடிப்பை ஒவ்வொரு நாளும் கவனிக்கச் சொல்லுங்கள், வழமையைவிடக் குறைந்தால் அன்றைக்கே ஆசுப்பத்திரி.

எட்டாம் மாதம் வரும்போது அவவுக்குப் பழைய பயம் திரும்ப வரும், கையும் பழையபடி போத்தலைத் தேடும். அந்த மாதம் உங்கள் வீட்டு வேலையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, இரவில் நீங்கள் அவ பக்கத்தில் படுங்கள்.