ஜெபல் ஷம்ஸ் உச்சிக்கு எந்த வழி நல்லது? பொதிகை ஏறின அனுபவம் போதுமா?

மஸ்கட்ல வேலை, ஊரு அம்பாசமுத்திரம் பக்கம், பொதிகை ஏறியாச்சு, அடுத்து ஓமனோட ஜெபல் ஷம்ஸ் தெற்கு உச்சி, 2,997 மீட்டர். போன்ல ஓடை வழியா ஒரு குறுக்குத் தடம் கிடைச்சிருக்கு, அதுல போகலாமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. வேண்டாம். பாறையில குறி போட்ட டபிள்யூ 4 தடத்துலயே போங்க.

பொதிகை நமக்கு ஒரு பழக்கத்தைக் கத்துக்கொடுத்திருக்கு. எங்க திரும்பினாலும் ஓடை, குனிஞ்சா தண்ணி. மலைன்னாலே ஓடையைப் புடிச்சு நடக்கத் தோணும். ஓமன் மலையில ஆளை மாட்டிவிடுறது இந்தப் பழக்கம்தான்.

அங்க ஓடைங்கிறது எப்பவாச்சும் பெய்யிற மழை சுண்ணாம்புப் பாறையை அறுத்துவிட்ட பள்ளம். நடுநடுவுல, அருவி விழுற இடத்துல தண்ணியே இல்லாம செங்குத்தாத் திட்டு நிக்கும். கீழ இருந்து கையைக் காலை ஊனி ஏறிரலாம். இறங்கும்போது கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது. நாலு திட்டு குதிச்சு இறங்கி அஞ்சாவதுல முட்டுனா மேலயும் போக முடியாது, கீழயும் போக முடியாது. வரைபடத்துல பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க. 20 மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு (ஒரே உயரத்துல இருக்குற இடங்களைச் சேர்க்குற கோடு) போட்ட படத்துல 15 மீட்டர் செங்குத்து ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கும். வெள்ளமும் அப்படித்தான். குற்றாலத்துல தண்ணி கலங்குனா விசில் ஊதி விரட்ட ஆள் உண்டு. அங்க யாரு ஊதுவா? மழை உங்க தலைக்கு மேல பெய்யணும்னும் இல்லை.

அதனால முகடுதான் வழி. ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஏறும்போது முகடெல்லாம் ஒண்ணுகூடி உச்சிக்குக் கொண்டுவிடும். இறங்கும்போது அதே முகடு ரெண்டாப் பிரியும், மூணாப் பிரியும். வழி தப்புறது பெரும்பாலும் இறக்கத்துலதான். ஏறும்போதே ஒவ்வொரு பிரிவுலயும் திரும்பி நின்னு வந்த பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்குங்க. மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டைக் குறி கொஞ்ச நேரம் கண்ணுல படலைன்னா கடைசியாப் பார்த்த குறிக்கே திரும்பணும். முன்னால போய்த் தேடக்கூடாது.

இன்னொண்ணு, பள்ளத்தாக்கு ஓரமா நடக்குற படங்கள் நிறையப் பாத்திருப்பீங்க. அது டபிள்யூ 6, கைவிட்ட பழைய ஊர் ஒண்ணுக்குப் போற பாதை. உச்சிக்குப் போகாது. வடக்கு உச்சி இதைவிட உயரம், ஆனா ராணுவ இடம், அந்தப் பக்கமே எட்டிப் பாக்க வேண்டாம்.

நேரக் கணக்கு: 1892ல ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்னது, மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏத்தத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். போக வர 18 கிலோமீட்டர், ஏத்தம் 1,200 மீட்டர்னு வச்சா 5 மணி 36 நிமிஷம். இது சுமை இல்லாத, நல்ல பாதைக்கு. உடைஞ்ச கல்லு, வெயிலு, முதுகுல தண்ணி எல்லாம் சேர்த்து 1.75ஆல பெருக்குனா பத்து மணி நேரத்தை ஒட்டி வரும். டிசம்பர்ல அங்க அஞ்சரைக்குள்ள பொழுது சாஞ்சிரும். அதனால இருட்டோட கிளம்பணும், எங்க நின்னாலும் மதியம் 12 மணிக்குத் திரும்பணும். அந்த 12 மணியைக் கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாரும் ஒத்துக்கிடணும். உச்சி கண்ணுல தெரிஞ்சப்புறம் பேசுனா ஒருத்தனும் கேக்கமாட்டான்.

தண்ணி, குளிர்காலத்துல மணிக்கு அரை லிட்டர். பத்து மணி நேரத்துக்கு 5, கையிருப்பு 1, ஆக 6 லிட்டர், 6 கிலோ. இதுல ஒன்றரை லிட்டரைப் பாதி வழியில கல்லுக்கு அடியில வச்சிட்டுப் போனா சுமை குறையும். வெளியில வச்சா ஆடு விடாது, காலி பாட்டிலையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. உச்சி வர்றதுக்கு முன்னாடியே மொத்தத் தண்ணியில பாதி காலின்னா மணி என்னன்னு பாக்காமத் திரும்பிருங்க. வெறும் தண்ணியாவே குடிச்சிட்டுப் போனா உடம்புல உப்பு குறைஞ்சு தலைவலி, குமட்டல் வரும். பாக்க வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும், அதனால இன்னும் தண்ணியைக் குடிக்கச் சொல்லுவாங்க, நிலைமை மோசமாயிரும். ரெண்டு லிட்டராவது ஓஆர்எஸ் கலந்ததா இருக்கட்டும். பொட்டலம் இல்லைன்னா லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. சாப்பாட்டுக்குப் புளியோதரை. அல்வா வேண்டாம், தண்ணி தவிக்கும்.

லீவுல தேரிக்காட்டுல நடந்து பழகலாம்னு கீழ யாராவது வந்து எழுதுவாங்க. தேரி செம்மணல், காலு புதையும், கெண்டைக்கால் இறுகும், சரி. ஜெபல் ஷம்ஸ் முழுக்கக் கல்லு. அதுக்கு 6 லிட்டரைப் பையில போட்டு மாடிப்படி ஏறுங்க. ஏறுறதைவிட இறங்குறதை நிறையப் பழகுங்க, தொடைதான் முதல்ல தகராறு பண்ணும். "வழிகாட்டி இல்லாமப் போகச் சொல்றீங்களே"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: நான் அப்படிச் சொல்லலை. முதல் தடவைன்னா வழிகாட்டியோட போறதுதான் முறை. ஆனா வழிகாட்டி கூட வந்தாலும் உங்க தண்ணியை நீங்கதான் சுமக்கணும்.

பொதிகைன்னு எழுதுனதும் வயித்தெரிச்சல் வருது. தாமிரபரணி பொறக்குற மலை. பாபநாசத்துல இருந்து அண்ணாந்து பாக்குறவன் ஏறணும்னா திருவனந்தபுரம் பக்கம் போனக்காட்டுக்குச் சுத்திப் போய், கேரள அனுமதி வாங்கித்தான் ஏறணும். புலிக் காடு, நம்ம பக்கம் மூடி வச்சது தப்புன்னு சொல்ல வரலை. வருஷத்துக்குப் பத்து நாள், நாளைக்கு இருபது பேர்னாவது விட்டா என்னங்கிறேன்.

தலையில மாட்டுற டார்ச் ஆளுக்கு ஒண்ணு, மாத்து பேட்டரியோட. ஓமன் போலீஸ் அவசர எண் 9999. எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க, எப்ப இறங்குவீங்கன்னு ரூம்ல இருக்குறவங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போங்க.