எம்.ஏ. ஆங்கிலம்: பணம் எங்கே இருக்கிறது?

வணக்கம். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படிக்க அமெரிக்காவில் பெயர்பெற்ற ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. கடன் வாங்கிப் படிக்க மனமில்லை. இலக்கியத்துக்குப் பணம் கொடுத்துப் படிக்கவைப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா?

*

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறார்கள். நீங்கள் தேடிய இடம்தான் சரியில்லை. பெரிய பெயர் கொண்ட துறைகளில் இருக்கும் பணம் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களுக்கே போய்விடும். எம்.ஏ. அங்கே துறைக்கு வரவு தரும் படிப்பு. ஆகவே முனைவர் பட்டப் படிப்பே இல்லாத ஆங்கிலத் துறைகளைத் தேடுங்கள். முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்கு அங்கே கட்டுரை எழுதும் வகுப்பு அநேகமாகக் கட்டாயம். அதை நடத்த ஆள் வேண்டும். ஆய்வு மாணவர்கள் இல்லாத துறையில் அந்த வேலை எம்.ஏ. மாணவர்களிடம் வருகிறது, அசிஸ்டன்ட்ஷிப் என்ற பெயரில் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் கூடவே வருகின்றன. கேன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறை இதற்கு ஓர் உதாரணம்.

இணையதளத்தில் 'நிதியுதவி உண்டு' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்தாலும் அப்படித்தான் போடுவார்கள். துறையின் பட்டமேற்படிப்பு இயக்குநருக்கு எழுதிக் கேளுங்கள்: சென்ற ஆண்டு சேர்ந்த எம்.ஏ. மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் அசிஸ்டன்ட்ஷிப் பெற்றவர்கள் எத்தனை பேர், இரண்டாம் ஆண்டுக்கும் அது உறுதியா? எண்ணிக்கை சொல்லாமல் மழுப்பினால் அடுத்த துறைக்குப் போய்விடலாம்.

பலரும் கோட்டைவிடுவது தேதியில். சேர்க்கைக்கு ஒரு கடைசித் தேதி, நிதிக்கு அதற்கு முன்பே ஒரு தேதி (பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி) என்று சில இடங்களில் வைத்திருப்பார்கள். அசிஸ்டன்ட்ஷிப்புக்குத் தனிப் படிவமும் இருக்கலாம். அதை நிரப்பாதவருக்கு இடம் மட்டும் வரும். உங்களுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். வகுப்பெடுக்க வேண்டியவர் என்பதால் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதிக்கு மட்டும் தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்பதும் உண்டு. ஜி.ஆர்.இ. இலக்கியப் பாடத்தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம், 2021லேயே நிறுத்திவிட்டார்கள்.

நிதியுடன் அழைப்புக் கடிதம் கைக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். விலக்கு முழுக் கட்டணத்துக்கா, வெளிமாநிலத்தவரிடம் கூடுதலாக வாங்கும் பகுதிக்கு மட்டுமா? கல்விக் கட்டணம் (ட்யூஷன்) போனாலும் 'ஃபீஸ்' என்று தனியாக ஒன்று நிற்கும். மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? சம்பளம் வழக்கமாக ஒன்பது மாதத்துக்குத்தான், கோடையில் கை வறண்டுவிடும். கோடைக்காகப் பருவ காலத்திலேயே வேறு வேலை செய்து சேர்த்துவைக்கலாம் என்றும் எண்ண முடியாது: மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரமே உச்சவரம்பு. அரைநேர அசிஸ்டன்ட்ஷிப்பே அந்த 20 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் முதலாண்டு எம்.ஏ. மாணவரை ரைட்டிங் சென்டரில் (மாணவர்கள் கட்டுரை எழுத உதவும் மையம்) உட்காரவைத்தால் குறைவாக நினைக்காதீர்கள். வகுப்பைத் தனியாக நடத்த அந்தப் பாடத்தில் 18 முதுகலை கிரெடிட்கள் (பாட அலகுகள்) வேண்டும் என்பது அங்குள்ள அங்கீகார அமைப்பின் வழிகாட்டுதல். இரண்டாம் ஆண்டில் வகுப்பு கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கும் சம்பளம் ஒன்றுதானா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காதான் என்றில்லாவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதுகலை உதவித்தொகையான எராஸ்மஸ் முண்டுஸ் பாருங்கள், மாதம் 1,400 யூரோ. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கட்டணமே இல்லை, வாழ்க்கைச் செலவுதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

கையிலிருக்கும் இரண்டு இடங்களையும் உடனே மறுத்துவிடாதீர்கள். நிதியுடன் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. வேறு இடம் கிடைத்தவர்கள் அந்த வாரம்தான் விலகுவார்கள். காலியாகும் நிதி உண்டா என்று அதற்குச் சில நாள் முன்பே இரண்டு துறைகளுக்கும் எழுதிவையுங்கள்.