அரை டன் டையும் கைத்தள்ளு வண்டியும்: கேள்வி பதில்

டை (பிரஸ் இயந்திரத்தில் தகட்டை வெட்டவும் வளைக்கவும் வைக்கும் எஃகு அச்சு), கியர்பாக்ஸ், காகிதக் கட்டு போன்ற கனச் சரக்கைக் காலாலோ கையாலோ அழுத்தித் தூக்கும் ஹைட்ராலிக் வண்டிகளில் நகர்த்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பேட்டரியில் ஓடும் ஸ்டேக்கர் (சரக்கை உயரே அடுக்கும் வண்டி) பற்றிய கேள்விகளை இன்னொரு நாளைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கோவை, கணபதி, பட்டறை உரிமையாளர்: எங்களிடம் உள்ள பெரிய டை 50 × 40 × 30 செ.மீ. எடை போட்டுப் பார்த்ததில்லை. 500 கிலோ சிசர் லிஃப்ட் (கத்தரி போல் மடியும் கால்களால் மேசையை ஏற்றி இறக்கும்) வண்டி போதுமா?

எடைமேடை இல்லாமலே கணக்குப் போடலாம். மூன்றையும் பெருக்கினால் 60,000 கன செ.மீ. எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம், ஆக, முழுக்கட்டியாக இருந்தால் சுமார் 471 கிலோ. 500க்குள் வருகிறதே என்று வாங்கிவிடாதீர்கள். தகட்டில் பொறித்திருக்கும் எண், சமதளத் தரையில், மேசை முழுக்கப் பரவி உட்காரும் சுமைக்கானது. டையை ஓரமாக நகர்த்திய உடனே அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடுகிறது. 1,000 கிலோ வண்டியாகப் பாருங்கள். ஆனால் அதன் மேசை முழுவதும் இறங்கிய நிலையில் உங்கள் ரேக்கின் கீழ்த்தட்டுக்குச் சமமாகவாவது வருகிறதா என்று அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெரிய வண்டிகள் சில, அந்த அளவுக்குத் தாழ்வதில்லை.

ஓசூர், பிரஸ் ஷாப் மேற்பார்வையாளர்: டையை வண்டியிலிருந்து பவர் பிரஸ்ஸுக்குள் தள்ளும்போது, பிரேக் போட்டிருந்தாலும் வண்டி பின்வாங்குகிறது. என்ன செய்யலாம் ஐயா?

இன்றைய கேள்விகளில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். வண்டியில் ஊன்றி டையை முன்னால் தள்ளினால், அதன் எதிர்விசை வண்டியைப் பின்னால் தள்ளத்தான் செய்யும். பிரேக் பிடிப்பது பெரும்பாலும் இரண்டே சக்கரங்களை. அவையும் எண்ணெய் சிந்திய தரையில் பூட்டியபடியே வழுக்கும். இடைவெளி விழுந்தால், பாதி வெளியே நிற்கும் டை அதற்குள் கவிழும். எனவே பிரேக்கை நம்பாமல், வண்டியை பிரஸ்ஸோடு கட்டுங்கள். போல்ஸ்டர் தட்டின் (பிரஸ்ஸில் டை உட்காரும் தடித்த தட்டு) ஓரத்தில் இரண்டு துளையிட்டு, வண்டியில் இரண்டு கொக்கி பற்றவைத்தால் போதும். ஒரு நாள் வேலை. பற்றவைப்பு வண்டிச் சட்டத்தில் இருக்கட்டும், ஏறி இறங்கும் மேசையில் வேண்டாம்.

அடுத்தது உயரம். மேசையும் போல்ஸ்டரும் ஒரே மட்டம் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வார்கள். டை விளிம்புக்கு வரும்போது மேசையின் அந்த ஓரம் சற்றுத் தணியும், டையின் முனை போல்ஸ்டரில் முட்டும். முட்டியதும் ஆட்கள் கடப்பாரையை எடுப்பார்கள். விபத்துக்கு அது போதும். மேசையை ஓரிரு மி.மீ. உயர்த்தியே வையுங்கள். மேசைமேல் உருளைகள் பொருத்தினால் தள்ளுவது எளிது. ஆனால் நான்கு பக்கமும் தடுப்பு இல்லாத உருளை மேசையைவிட வெறும் மேசையே மேல்.

அதே நண்பர்: தாழ்ந்த நிலையில் பெடல் மிகக் கடினமாக இருக்கிறது, மேலே போகப் போக இளகுகிறது. பழுதா?

பழுதில்லை. கத்தரிக் கால்கள் படுத்திருக்கும்போதுதான் சிலிண்டர் அதிகம் உந்த வேண்டியிருக்கும். கால்கள் நிமிர நிமிர அதன் பாரம் குறையும். அடியிலிருந்து தூக்கவே மறுத்தால், சுமை அதிகம் என்று ரிலீஃப் வால்வு எண்ணெயைத் திருப்பிவிடுகிறது என்று சந்தேகப்படுங்கள். அந்த வால்வின் திருகை இறுக்கித் தூக்க வைக்கும் ‘கைதேர்ந்தவர்கள்’ எல்லாப் பட்டறையிலும் உண்டு. அவர்களிடம் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள்.

சிவகாசி, அச்சகம்: பேலட் டிரக்குக்கு (சரக்குப் பலகையின் அடியில் இரு கரங்களை நுழைத்துத் தூக்கும் வண்டி) நைலான் சக்கரமா, பாலியூரிதேன் சக்கரமா?

வழவழப்பான கான்கிரீட்டில் நைலான் லேசாக உருளும்; சத்தம் போடும், டைல்ஸைக் கெடுக்கும். உங்களுடையது டைல்ஸ் தரையென்றால் பாலியூரிதேன்.

அம்பத்தூர், கிடங்குப் பொறுப்பாளர்: தூக்கி நிறுத்திய வண்டி காலையில் இறங்கிக் கிடக்கிறது.

முதலில் இறக்கும் நெம்புகோலின் சங்கிலியைப் பாருங்கள். அது இழுத்துக் கட்டியதுபோல் இருந்தால் வால்வு முழுதாக மூடாது. நட்டைச் சற்றுத் தளர்த்தினால் தீர்ந்தது. அதற்கும் இறங்கினால் வால்வு இருக்கையில் தூசி, அல்லது சீல் தேய்மானம். எண்ணெய் குறைந்திருந்தால் தயாரிப்பாளர் சொன்ன ஹைட்ராலிக் எண்ணெயையே ஊற்றுங்கள். பெரும்பாலும் விஜி 32 தரம்தான் (எண்ணெயின் பிசுக்குத்தன்மையைக் குறிக்கும் எண்). பிரேக் ஆயில் கூடவே கூடாது, சாதாரண ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். ஊற்றியபின் நெம்புகோலை இறக்கும் நிலையில் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு முறை அடித்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். அதெல்லாம் சரி, சுமையோடு இரவெல்லாம் ஏன் தூக்கி வைக்கிறீர்கள்?

அதே நண்பர்: சரிவுப் பாதையில் ஒரு டன்னை இரண்டு பேர் பிடித்து இறக்கலாமா?

20 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் மிதமான சரிவிலேயே, ஒரு டன் சரக்கு ஏறத்தாழ 50 கிலோ விசையோடு கீழே இழுக்கும். கை பேலட் டிரக் பலவற்றில் பிரேக்கே கிடையாது. நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். உருண்டு வேகம் பிடித்தபின் நிறுத்த முடியாது. வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும், விடும் கருவி) வைத்து இறக்குங்கள். சின்னச் சுமையானாலும் ஆள் எப்போதும் மேட்டுப் பக்கமே நிற்க வேண்டும்.

கோவை, பயிற்சித் தொழிலாளி: மேசையை உயர்த்திவிட்டு அடியில் துடைக்கச் சொல்கிறார்கள் அண்ணா.

சுமையை இறக்கிவிட்டு, மேசையைத் தூக்கி, கத்தரிக் கால்களுக்கு இடையே தாங்கு கம்பியைச் செருகிய பிறகு துடையுங்கள் தம்பி. கம்பி தொலைந்துவிட்டது என்றால், புதிது வரும்வரை துடைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.