பிபி மாத்திரை சாப்பிட்டும் சிறுநீரில் புரதம் போவது ஏன்?

மாத்திரையால் பிபி கட்டுக்குள் இருந்தும் சிலருக்குச் சிறுநீரில் போகும் புரதம் குறைவதில்லை. முதலில் எந்த மாத்திரை என்று பாருங்கள். எல்லா பிபி மாத்திரையும் இதற்கு ஒரே மாதிரி உதவாது. அம்லோடிபின் பிபியை நன்றாகக் குறைக்கும், ஆனால் புரதக் கசிவை அவ்வளவாகக் குறைக்காது. டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில் போன்றவை சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. உள்ளே அழுத்தம் இறங்குவதால் கசிவும் குறைகிறது. பலன் தெரிய சில வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம்.

டெல்மிசார்டான் போன்ற இந்த மருந்துகளைத் தொடங்கியதும் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் உள்ள கழிவு) சற்று ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்த மாட்டார்கள். பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பொட்டாசியமும் ஏறலாம் என்பதால் 2 முதல் 4 வாரத்தில் ரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பமாக இருந்தால் இந்த வகை மருந்துகள் கூடாது.

அப்புறம் உப்பு. அதைக் குறைக்காவிட்டால் இந்த மருந்துகளின் பலன் பாதியிலேயே நின்றுவிடும்; பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும் தவிருங்கள். வாந்தி, பேதி வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

புரத அளவைப் பார்க்கும் பரிசோதனைக்குக் காலையின் முதல் சிறுநீரே நல்லது. காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ இருந்த நாளில் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.