ஹிஸ்டரோஸ்கோபி: மயக்கம் கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஆறு மாதமாக மாதவிலக்கு தாறுமாறாக வருகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவர் 15 மி.மீ. தடித்திருக்கிறது, பாலிப்பாக (சிறு சதை வளர்ச்சி) இருக்கலாம் என்கிறார்கள். மயக்கம் இல்லாமலே ஹிஸ்டரோஸ்கோபி (கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கலாம், ஐந்து நிமிடம்தான், வலியே இருக்காது என்கிறார் டாக்டர். அதைச் செய்துகொண்ட என் நாத்தனாரோ உயிர் போய் உயிர் வந்தது என்கிறார். எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். வேறொரு இடத்தில், மயக்கம் கொடுத்து டி அண்ட் சி-யும் (கர்ப்பப்பை உட்சுவரைச் சுரண்டுவது) சேர்த்து பேக்கேஜாக முடித்துவிடலாம் என்கிறார்கள். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: உங்கள் நாத்தனார் மிகைப்படுத்தவில்லை. "வலியே இருக்காது" என்று சொன்னதுதான் பிழை. பெரும்பாலான பெண்களுக்கு மாதவிலக்கு நாள் வலிபோல அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஒரு சிலருக்கு மட்டும் தாங்கவே முடியாத அளவுக்குப் போகும். அந்தச் சிலரை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம்: சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மாதவிலக்கு நின்றவர்கள், ஒவ்வொரு மாதமும் வலியில் சுருண்டு படுப்பவர்கள், கர்ப்பப்பை வாயில் முன்பு சிகிச்சை நடந்தவர்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். அதைக் கேட்காமல், மேஜையில் படுக்கவைத்த பிறகு "குழந்தை பெற்றவங்க, இதைத் தாங்க மாட்டீங்களா?" என்பது மருத்துவம் இல்லை.

வலியின் அளவைத் தீர்மானிப்பதில் உங்கள் பொறுமையைவிடக் கருவிக்கும் கைக்கும் பங்கு அதிகம். அதனால் தேதி வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, உறையோடு சேர்த்துக் கருவியின் பருமன் எவ்வளவு? 3 முதல் 3.5 மி.மீ. என்றால் நல்லது. 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பப்பை வாயை விரிக்க வேண்டிவரலாம். விரிப்பதுதான் பெரிய வலி. இரண்டாவது, பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் போட்டு, டெனாகுலம் என்ற கொக்கிக் கருவியால் கர்ப்பப்பை வாயைக் கவ்விப் பிடித்துச் செய்வீர்களா, அல்லது இரண்டும் இல்லாமல் சலைன் விட்டுக்கொண்டே கருவியை நேராக உள்ளே செலுத்துவீர்களா? பின்னது வலி குறைந்த முறை. புதிதும் இல்லை, கூடுதல் கருவியும் வேண்டாம். பழக்கப்பட்ட கை மட்டும் வேண்டும். அப்படியிருந்தும் பல இடங்களில் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே போன பிறகு வரும் வலி வேறு வகை. சலைன் நிரம்பிக் கர்ப்பப்பை விரியும்போது அது சுருங்கப் பார்க்கும். அதுதான் அந்தப் பிடிப்பு. சலைனின் அழுத்தம் கூடக்கூட வலியும் கூடும். பார்ப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அழுத்தம் போதும். பயாப்ஸிக்காகத் திசு எடுக்கும் அந்த அரை நிமிடம் பலருக்கு மொத்தப் பரிசோதனையிலும் மோசமானது. அதை முன்பே சொல்லிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பிடிப்புக்குத்தான் மாத்திரை. ஐபுபுரோஃபென் 400 மி.கி., சாப்பாட்டுக்குப் பிறகு, பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு. வலி வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா இருந்தால் இது வேண்டாம். பாராசிட்டமால் 1 கிராம் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மயக்கம் இல்லாத பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகவே கூடாது. பசியோடு படுத்தால் தலைசுற்றல் எளிதாக வரும். பரிசோதனைக்கு வரும் எல்லோரையும் பட்டினி போடும் மருத்துவமனைகள் ஏன் அப்படிச் செய்கின்றன என்று கேட்டால் அவர்களிடமே பதில் இருக்காது.

கர்ப்பப்பை வாயை இளக்க முந்தின இரவு மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரை வைக்கச் சொல்வது இன்னொரு பழக்கம். எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதில் லாபம் இல்லை. வயிற்றுவலி, இரத்தப்போக்கு, வயிற்றுப்போக்கு என்று இரவே படுத்திவிடும்.

உங்கள் சிசேரியன் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டும் சிசேரியன் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, எப்போது செய்தார்கள் என்று சொல்லவில்லை. பிரசவ வலி வந்து, கர்ப்பப்பை வாய் ஆறேழு செ.மீ. திறந்து, அதன் பிறகு அறுவை செய்திருந்தால் அந்த வழி ஒருமுறை விரிந்த வழி. வலி தொடங்குமுன்பே தேதி குறித்துச் செய்திருந்தால் அது விரிந்ததே இல்லை. சுகப்பிரசவம் ஆகாதவர்களின் கணக்கில்தான் நீங்கள் வருவீர்கள். தவிர, தழும்பு இழுத்துக் கர்ப்பப்பை ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் வழி வளைந்திருக்கும், கருவி திரும்புவது சிரமம். இந்த இரண்டு விவரத்தையும் டாக்டரிடம் சொல்லி, விரிக்க நேர்ந்தால் கர்ப்பப்பை வாயில் மரப்பு ஊசி போடத் தயாராக இருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த ஊசி வாய்ப்பகுதி வலிக்கு நன்றாகக் கேட்கும், மேலே உள்ள பிடிப்பை முழுவதும் நிறுத்தாது. ஆகவே ஊசி போட்டாலும் மாத்திரை வேண்டும்.

இப்போது அந்தப் பேக்கேஜ். மயக்கம் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் மயக்கத்தோடு சேர்த்து விற்கப்படுவதைப் பாருங்கள். டி அண்ட் சி என்பது கண்ணால் பார்க்காமல் சுரண்டுவது. பாலிப் அதில் தப்பிவிடுவது சாதாரணம். உள்ளே கேமரா வைத்துப் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்திலிருந்து திசு எடுப்பதற்காகத்தானே ஹிஸ்டரோஸ்கோபி? "கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துவிடுவோம்" என்ற பேச்சுக்கு மருத்துவ அர்த்தம் கிடையாது. "அப்படியே லேப்ராஸ்கோபியும் (வயிற்றில் துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) பார்த்துவிடலாம்" என்றால் எதற்காக என்று காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பேக்கேஜ் பேசுபவர் பெரும்பாலும் டாக்டராக இருக்கமாட்டார், ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் ஒருவர் இருப்பார். அவரிடம் சம்மதம் சொல்லாதீர்கள். "லேசாகத் தூங்கவைக்கிறோம்" என்றால் உங்கள் மூச்சையும் நாடியையும் கவனிக்க மட்டும் தனி ஆள் யார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம். சம்மதப் படிவத்தையும் மேஜையில் படுத்த நிலையில் வாசிக்க முடியாது. முதல் நாளே வாங்கிப் படியுங்கள். பாலிப் தெரிந்தால் அப்போதே எடுப்பதா, வேறொரு நாளா என்பது அதில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை: மெல்லிய கருவி, ஸ்பெக்குலம் இல்லாத முறை, மரப்பு ஊசி வசதி மூன்றும் இருந்தால் மயக்கம் இல்லாமல் தொடங்கலாம். இல்லையென்றால் மயக்கம் கொடுத்தே செய்யச் சொல்லுங்கள், ஆனால் ஹிஸ்டரோஸ்கோபியும் பயாப்ஸியும் மட்டும். உங்கள் வயதில், இந்தத் தடிப்புக்கு, பார்த்துவிட்டு மட்டும் அனுப்புவது அரைகுறை வேலை. திசுப் பரிசோதனை கட்டாயம்.

இரத்தம் அதிகம் போகும் நாளில் போகாதீர்கள், எதுவும் தெரியாது. "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்துவீர்களா என்று தொடங்குமுன்பே கேட்டு, ஆம் என்று வாய்விட்டுச் சொல்லவைத்துக்கொள்ளுங்கள். குப்பென்று வியர்த்து, குமட்டி, கண் இருண்டால் உடனே சொல்லுங்கள். கருவியை எடுத்து, காலை உயர்த்தி வைத்தால் பொதுவாகச் சீக்கிரம் சரியாகும். முடிந்ததும் துள்ளி எழ வேண்டாம். சில நாட்கள் திட்டுத்திட்டாகக் கசியலாம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, மாத்திரைக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, மணிக்கொரு நாப்கின் நனையும் போக்கு இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.